ஒரே கேள்விக்கு மூன்று எண்கள்: டேட்டா வேர்ஹவுஸ் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

மாதாந்திர ரிவ்யூ கூட்டங்களில் அடிக்கடி நடப்பது இது. "போன மாதம் எவ்வளவு விற்றோம்?" என்று கேட்டால் விற்பனைப் பிரிவு ஒரு எண் சொல்லும், கணக்குப் பிரிவு வேறொன்று சொல்லும், சரக்கு அனுப்பும் பிரிவு மூன்றாவதாக ஒன்றை எடுத்து வைக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. விற்பனைப் பிரிவு ஆர்டர் விழுந்த தேதியை வைத்துக் கூட்டுகிறது. கணக்குப் பிரிவு பில் தேதியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்த சரக்கையும் வரியையும் கழிக்கிறது. அனுப்பும் பிரிவுக்கோ வண்டி ஏறினால்தான் விற்பனை. எந்த எண் சரி என்ற வாக்குவாதத்திலேயே பாதி நேரம் போய்விடும். அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்ற பேச்சு கடைசி ஐந்து நிமிடத்தில் அவசர அவசரமாக முடியும்.

இதற்குத் தீர்வாக டேட்டா வேர்ஹவுஸ், அதாவது பல சிஸ்டங்களின் டேட்டாவைப் பகுப்பாய்வுக்காக ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் கிடங்கு, கட்டுகிறவர்கள் பலர், மூன்றையும் அடித்து ஒரே எண்ணாக்கப் பார்க்கிறார்கள். அது தேவையில்லை, பெரும்பாலும் முடியவும் முடியாது. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று காட்டினால் போதும். எடுத்துக்காட்டாக, ஆர்டர் விற்பனை 1000. அதில் ரத்தானது 60. ஆர்டர் விழுந்தும் இந்த மாதம் போகாமல் நிற்பது 120. போன மாத ஆர்டரில் இந்த மாதம் போனது 80. ஆக, அனுப்பிய விற்பனை 900. பில் வண்டியோடு சேர்த்தே போடப்படுகிறது என்றால், அந்த 900-இல் ரிட்டர்ன் 50, வரி 100 போக நிகர விற்பனை 750. இந்தக் கணக்கை யார் கேட்டாலும், எந்த மாதத்துக்குக் கேட்டாலும், கீழே ஒவ்வொரு பில் வரை இறங்கிக் காட்ட முடிந்தால் அந்த வேர்ஹவுஸ் தன் வேலையைச் செய்கிறது. முடியாவிட்டால் மேலே எத்தனை வண்ண டாஷ்போர்டு தொங்கினாலும் பயனில்லை.

அன்றாட சிஸ்டத்திலிருந்தே எடுத்தால் என்ன?

சிறிய நிறுவனத்துக்கு அதுவே போதும். ஆர்டர், பில், கையிருப்பு எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் இருந்து, டேபிள்களில் சில லட்சம் வரிசைகள்தான் (row) என்றால், அந்த டேட்டாபேஸின் ஒரு ரெப்ளிகாவை (நகலை) வைத்து, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். எழுதிக்கொண்டு போகலாம். வேர்ஹவுஸ் வேண்டியதே இல்லை என்று துணிந்து சொல்லலாம். சிக்கல் மூன்று பக்கத்திலிருந்து வரும்.

முதலாவது, அன்றாட சிஸ்டத்துக்கு இன்றைய நிலைமை மட்டும்தான் தெரியும். வாடிக்கையாளர் முகவரி மாறினால் பழையதன் மேலேயே எழுதிவிடும். விலை மாறினால் பழைய விலை போயிற்று. "போன வருடம் இதே சமயத்தில் இவர் எந்த மண்டலத்தில் இருந்தார்?" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

இரண்டாவது, படிக்கும் விதம். ஆர்டர் எடுக்கும் டேட்டாபேஸ் ஒரு வரிசையின் எல்லா காலங்களையும் (column, அதாவது தேதி, தொகை போன்ற நெடுவரிசைகள்) சேர்த்து ஓரிடத்தில் வைக்கும். ஒரு ஆர்டரைத் திறக்க அதுதான் வசதி. பகுப்பாய்வில் நிலைமை தலைகீழ். 10 கோடி வரிசைகள், 100 காலங்கள், ஒவ்வொன்றும் 8 பைட் என்று வையுங்கள். மொத்தம் 80 ஜி.பி. கேள்விக்கு வேண்டியது தேதி, பொருள், தொகை என்று 3 காலங்கள்தான். வரிசை வரிசையாக வைத்திருந்தால், இண்டெக்ஸ் (வேண்டிய வரிசையை நேரடியாகக் காட்டும் அட்டவணை) கைகொடுக்காத கேள்விக்கு 80 ஜி.பி.யையும் புரட்ட வேண்டும். காலம் காலமாகப் பிரித்து வைத்திருந்தால் 2.4 ஜி.பி. போதும். ஒரே வகை மதிப்புகள் அடுத்தடுத்து இருப்பதால் கம்ப்ரெஷன் நன்றாகப் பிடித்து, அதுவும் இன்னும் சுருங்கும். ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் போன்ற கிளவுட் வேர்ஹவுஸ்கள் எல்லாம் காலம்வாரி சேமிப்பவைதான்.

மூன்றாவது, சிஸ்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஆர்டர் ஓரிடம், கணக்கு ஓரிடம், வாடிக்கையாளர் புகார் வேறோரிடம். ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று இடத்தில் மூன்று எண்.

வேர்ஹவுஸ் என்பது புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஐ.பி.எம்-மின் பேரி டெவ்லின், பால் மர்ஃபி இருவரும் 1988-இலேயே இதற்கான கட்டமைப்பை எழுதிவிட்டார்கள். வேர்ஹவுஸ் நிபுணர் பில் இன்மன் 1990-களின் தொடக்கத்தில் அதற்கு நான்கு குணங்களைச் சொன்னார்: விஷயவாரியாக அமைந்தது, ஒருங்கிணைந்தது, காலத்தோடு சேர்த்துப் பதிவானது, அழித்து எழுதப்படாதது. இன்னொரு நிபுணரான ரால்ஃப் கிம்பல், ஃபேக்ட் (விற்பனை போன்ற நிகழ்வுகளும் தொகைகளும்), டைமென்ஷன் (வாடிக்கையாளர், பொருள் போன்ற விவரங்கள்) என்று பிரிக்கும் வடிவத்தைப் பரவலாக்கினார். இன்மன் பக்கமா, கிம்பல் பக்கமா என்ற சண்டை இன்னும் அங்கங்கே நடக்கிறது. முடிவெடுப்பவருக்கு அந்தச் சண்டையால் ஒரு லாபமும் இல்லை. அவர் கைக்கு வரும் கடைசி அடுக்கு ஃபேக்ட்-டைமென்ஷன் வடிவில் இருந்தால் கேள்வி கேட்பது எளிது. அதற்குப் பின்னால் எப்படி வைத்தாலும் சரி.

முதலில் முடிவு, அப்புறம் டேபிள்

"எங்களிடம் இருக்கிற எல்லா டேட்டாவையும் கொண்டுவந்து கொட்டிவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் கொட்டுவதோடு நின்றுவிடுகின்றன. எந்த முடிவுக்காக என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த முடிவை யார் எடுக்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார், எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் அவர் வேறு விதமாகச் செய்வார்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், அந்த ரிப்போர்ட் வெறும் அலங்காரம். எண் 5 வந்தாலும் 50 வந்தாலும் அவர் செய்யப்போவது ஒன்றேதான் என்றால் அதை எதற்குக் கட்டுவது?

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது நேரடியாகச் செலவைத் தீர்மானிக்கும். வாரம் ஒருமுறை கொள்முதல் முடிவெடுப்பவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பைப்லைன் (டேட்டாவை மூலத்திலிருந்து வேர்ஹவுஸுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு) எதற்கு? இரவு ஒருமுறை லோடு செய்தால், அதாவது டேட்டாவை ஏற்றினால் போதும். மோசடிப் பரிவர்த்தனையைத் தடுப்பது போன்ற வேலைக்கு நொடிக்கணக்கில் வேண்டும். அதற்கு வேர்ஹவுஸே சரியான இடம் இல்லை.

கிரெயின்: ஒரு வரிசை எதைக் குறிக்கிறது

ஃபேக்ட் டேபிள் கட்டும்போது முதல் வாக்கியமாக எழுத வேண்டியது, "இந்த டேபிளின் ஒரு வரிசை என்பது ஒரு ஆர்டரில் உள்ள ஒரு பொருள்" என்பது போன்ற ஒன்று. இதைத்தான் கிரெயின் என்பார்கள். இதை எழுதாமல் கட்டிய டேபிள்களில்தான் எண்கள் இரட்டிப்பாகின்றன.

கிட்டத்தில் பார்ப்போம். ஒரு ஆர்டர். மூன்று பொருள்கள்: 500, 300, 200. மொத்தம் 1000. வாடிக்கையாளர் இரண்டு தவணையாகக் கட்டினார்: 600, 400. அதுவும் 1000. இப்போது பொருள் டேபிளையும் கட்டணம் டேபிளையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் (பொருந்தும் வரிசைகளை இணைத்தால்) மூன்றுக்கு இரண்டு என ஆறு வரிசைகள் வரும். பொருள் தொகையைக் கூட்டினால் 2000. கட்டணத்தைக் கூட்டினால் 3000. குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் எழுதிய கேள்வி, பிழை எதுவும் காட்டாது, அமைதியாக ஓடி முடியும். ஒரே தவணையில் கட்டிய ஆர்டர்களில் பொருள் தொகை சரியாகவே வரும் என்பதால் மாதிரிக்கு நாலு ஆர்டரைப் பார்த்தால் பிடிபடாது. மொத்தத்தில் சில சதவீதம் கூடுதலாகத் தெரியும். "இந்த மாதம் நன்றாகப் போயிருக்கிறது" என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். கெட்ட செய்தியைத்தான் எல்லோரும் தோண்டிப் பார்ப்பார்கள், நல்ல செய்தியை யார் தோண்டுகிறார்?

சரியான வழி, இரண்டையும் தனித்தனியே ஆர்டர் அளவுக்குக் கூட்டிவிட்டு அப்புறம் ஜாயின் செய்வது. ஆறு வரிசை வந்துவிட்டது என்று பார்த்து மேலே ஒரு டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் எடுப்பது) போடுவது மருந்தே இல்லை. ஒரே ஆர்டரில் 200 விலையில் இரண்டு வெவ்வேறு பொருள் இருந்தால் ஒன்றை விழுங்கிவிடும். கூடுதலாக இருந்த தவறு குறைவாக மாறும், அவ்வளவுதான்.

எவ்வளவு நுணுக்கமான கிரெயின் வேண்டும்? கிடைப்பதில் மிகச் சிறியதையே வையுங்கள். நாள் வாரியாகச் சுருக்கி வைத்த டேபிளிலிருந்து "மாலை 6 மணிக்கு மேல் எவ்வளவு?" என்று கேட்க முடியாது. சுருக்கம் வேகத்துக்காக மேலே ஒரு அடுக்காக இருக்கலாம், கீழே மூலம் இருக்கும் வரை. பணத் தொகைகளை ஃப்ளோட்டில் (தோராயமாகப் பதியும் எண் வகை) வைக்காமல் டெசிமலில் (துல்லியமாகப் பதியும் எண் வகை) வையுங்கள். கோடிக்கணக்கான வரிசைகளைக் கூட்டும்போது பைசா கணக்கில் வரும் வித்தியாசத்துக்குக் கணக்குப் பிரிவிடம் பதில் சொல்ல முடியாது.

மாறும் விவரங்களும் பழைய உண்மையும்

ஒரு வாடிக்கையாளர் 2024 மார்ச் 15 அன்று தெற்கு மண்டலத்திலிருந்து மேற்கு மண்டலத்துக்கு மாற்றப்பட்டார் என்று வையுங்கள். டைமென்ஷன் டேபிளில் "தெற்கு" என்பதை அழித்து "மேற்கு" என்று எழுதினால், அவர் முந்தைய ஆண்டுகளில் வாங்கியதெல்லாம் ஒரே இரவில் மேற்கின் கணக்குக்குப் போய்விடும். தெற்கு மண்டல மேலாளரின் போன காலாண்டு எண் தானாகக் குறையும். அவர் ஊக்கத்தொகை அந்த எண்ணை வைத்து என்றால், அன்றோடு வேர்ஹவுஸ் மீதான நம்பிக்கை காலி.

அதனால்தான் பழைய வரிசையை மூடிவிட்டுப் புதியது ஒன்றைத் திறக்கிறோம். டைப் 2 என்று சொல்வது இதைத்தான். 1001 என்ற சாவியில் (வரிசையை அடையாளம் காட்டும் எண்) தெற்கு, தொடக்கம் 2023-01-01, முடிவு 2024-03-15. 1002 என்ற சாவியில் மேற்கு, தொடக்கம் 2024-03-15, முடிவு 9999-12-31, அதாவது இன்னும் முடியவில்லை. ஃபேக்ட் டேபிள் வரிசை எந்தச் சாவியைப் பிடித்திருக்கிறதோ அதுவே அன்றைய உண்மை.

இதில் பலர் சறுக்கும் இடம் எல்லைத் தேதி. பிட்வீன் என்று எழுதினால் இரண்டு முனையும் சேரும். மார்ச் 15 பில் இரண்டு வரிசைக்கும் பொருந்தி இரண்டு முறை எண்ணப்படும். தொடக்கம் சேரும், முடிவு சேராது என்று எழுத வேண்டும். இன்னொரு சறுக்கல், தாமதமாக வரும் திருத்தம். மார்ச் 15-இலிருந்து செல்லுபடியாகும் மாற்றத்தை யாரோ ஏப்ரல் 2 அன்றுதான் பதிந்தார். இடைப்பட்ட நாட்களின் பில்கள் ஏற்கெனவே 1001-ஐப் பிடித்து உட்கார்ந்திருக்கும். அவற்றை 1002-க்கு மாற்றும் ஒரு படி பைப்லைனில் இல்லையென்றால், டைப் 2 இருந்தும் பயனில்லை.

எல்லா விவரத்துக்கும் இப்படி வரலாறு வைக்க வேண்டியதில்லை. தொலைபேசி எண் மாறியதற்கெல்லாம் புதிய வரிசை திறந்தால் டேபிள் ஊதும். எந்த விவரத்தை வைத்துத் தொகையைப் பிரித்துப் பார்ப்பார்களோ அதற்கு மட்டும்: மண்டலம், விலைப் பிரிவு, பொருளின் வகை. வாடிக்கையாளருக்கு மாறாத ஒரு சாவியும் கூடவே இருக்கட்டும். "இன்றைய மண்டலப் பிரிவினைப்படி பழைய விற்பனை எப்படி இருந்திருக்கும்?" என்றும் கேட்பார்கள், இரண்டும் நியாயமான கேள்விகளே.

லோடில் காணாமல் போகும் வரிசைகள்

தினமும் முழு டேபிளையும் இழுக்க முடியாது என்பதால் "கடைசியாகத் திருத்திய நேரம்" என்ற நெடுவரிசையை வைத்துப் புதியதை மட்டும் எடுப்பது வழக்கம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு பரிவர்த்தனை 10:00 மணிக்குத் தொடங்கி, திருத்திய நேரம் 10:00 என்று எழுதி, 10:04-க்குத்தான் கமிட் ஆகிறது, அதாவது உறுதியாகப் பதிவாகிறது. லோடு 10:02-க்கு ஓடுகிறது. கமிட் ஆகாதது அதன் கண்ணில் படாது. அது 10:01:59 வரை எடுத்தாயிற்று என்று குறித்துக்கொண்டு போய்விடும். அடுத்த முறை அதற்குப் பிந்தியதை மட்டும் கேட்கும். 10:00 வரிசை இனி எப்போதும் வராது. ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்திலிருந்து 30 நிமிடம் பின்னால் போய் எடுத்து, சாவியை வைத்து மெர்ஜ் செய்தால் (இருப்பதைத் திருத்தி, இல்லாததைச் சேர்த்தால்) இது அடைபடும். மூல சிஸ்டத்தில் அதைவிட நீளமாக ஓடும் பரிவர்த்தனை இருந்தால் இடைவெளியையும் நீட்ட வேண்டும்.

மூலத்தில் நீக்கப்பட்ட வரிசையை இந்த முறையால் கண்டுபிடிக்கவே முடியாது. இல்லாத வரிசைக்கு ஏது திருத்திய நேரம்? டேட்டாபேஸின் லாகிலிருந்து (மாற்றங்களின் பதிவேட்டிலிருந்து) மாற்றங்களைப் படிக்கும் முறை இதைப் பிடிக்கும். அது இல்லையென்றால் வாரம் ஒருமுறை சாவிகளை மட்டும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, வேர்ஹவுஸில் மட்டும் இருப்பவற்றுக்கு "நீக்கப்பட்டது" என்று கொடி போடலாம்.

லோடு எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும். வெறும் இன்சர்ட்டாக (புதிய வரிசை சேர்ப்பதாக மட்டும்) எழுதிய லோடு பாதியில் விழுந்து, யாரோ மறுபடி ஓட்டினால் அரை நாள் விற்பனை இரண்டு முறை ஏறும். ஒரு நாளின் பகுதியை முழுவதும் அழித்து முழுவதும் எழுதுங்கள், இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள். அல்லது மெர்ஜ்.

இரண்டு பக்கமும் பொருந்தும் வரிசையை மட்டும் வைக்கும் இன்னர் ஜாயினும் வரிசை தின்னும். புதிய பொருளின் விவரம் வருவதற்கு முன் அதன் பில் வந்துவிட்டால், ஜாயினில் அந்த பில்லே மறைந்துவிடும். பொருள் டைமென்ஷனில் மைனஸ் 1 சாவியோடு "தெரியாதது" என்று ஒரு வரிசை வைத்து, பொருள் விவரம் கிடைக்காத பில்களை அதில் கட்டிவிட வேண்டும். மொத்தம் குறையாது, "தெரியாதது" பெருத்தால் உடனே கண்ணிலும் படும்.

இதற்கெல்லாம் காவல், தினசரி ஒத்துப்பார்ப்பு. நாள் வாரியாக வரிசை எண்ணிக்கை, தொகையின் கூட்டு இரண்டையும் மூலத்திலும் வேர்ஹவுஸிலும் எடுத்து ஒப்பிடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது: ஒன்று காணாமல் போய் ஒன்று இரட்டித்தால் எண்ணிக்கை சரியாகவே வரும். நேற்றைக்கு மட்டும் பார்க்காமல் கடைசி 35 நாட்களைப் பாருங்கள். பழைய தேதியிட்ட திருத்தங்கள் அப்போதுதான் தெரியும். ஒத்துவரவில்லை என்றால் புதிய டேட்டாவை வெளியே விடாமல் நேற்றையதையே காட்டுங்கள், மேலே "இந்த எண்கள் இந்தத் தேதி, இந்த மணி வரை" என்று எழுதி. பாதி ஏறிய நாள், பார்ப்பவருக்கு விற்பனை சரிந்த நாளாகத்தான் தெரியும்.

நேர மண்டலத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சேமிப்பது யூ.டி.சி-யில் (உலகப் பொது நேரம்), "நாள்" என்று வெட்டுவது வியாபாரம் நடக்கும் இடத்தின் நேரத்தில், அந்த நாளைத் தனி நெடுவரிசையாகவே எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் குவெரியில் தானே மாற்றிக்கொள்ள விட்டால் ஆளுக்கொரு நள்ளிரவு.

கூட்டக் கூடாததைக் கூட்டுவது

தொகையைக் கூட்டலாம். சதவீதத்தைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. ஒரு கிளைக்கு 10 பேர் வந்து 5 பேர் வாங்கினார்கள், 50 சதவீதம். இன்னொன்றில் 1000 பேர் வந்து 100 பேர் வாங்கினார்கள், 10 சதவீதம். இரண்டின் சராசரி 30 சதவீதம் என்று டாஷ்போர்டு காட்டும். உண்மை, 1010-இல் 105, அதாவது சுமார் 10.4 சதவீதம். ஆகவே டேபிளில் சதவீதத்தை வைக்காமல் மேல் எண்ணையும் (வாங்கியவர்) கீழ் எண்ணையும் (வந்தவர்) வைத்து, கடைசியில் வகுக்க வேண்டும்.

கையிருப்பைப் பொருள் வாரியாக, கிளை வாரியாகக் கூட்டலாம். நாள் வாரியாகக் கூட்ட முடியாது. தினமும் 100 இருந்தது என்பதால் மாதத்துக்கு 3000 ஆகிவிடாது. தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கையும் அப்படியே: 12 மாத எண்ணிக்கையைக் கூட்டினால் ஆண்டு எண்ணிக்கை வராது, ஒரே ஆள் பல மாதம் வந்திருப்பார். இந்த விதிகளை ரிப்போர்ட் எழுதும் ஒவ்வொருவரின் நினைவில் விடுவதைவிட, அளவீடுகளை ஒரே இடத்தில் வரையறுத்து எல்லாக் கருவிகளும் அங்கிருந்தே எடுக்கும்படி வைப்பது மேல். ஒவ்வொரு அளவீட்டுக்கும் எந்தத் தேதி, எந்த நிலை ஆர்டர்கள் சேரும், ரிட்டர்ன் எந்த மாதத்தில் கழியும், வரி உண்டா, சோதனை ஆர்டர்கள் நீக்கப்பட்டனவா, மாற்றம் வந்தால் யார் ஒப்புதல் தருவார் என்பவை எழுத்தில் வேண்டும். ஒப்புதல் தருபவர் வியாபாரப் பக்கத்து ஆளாக இருக்கட்டும். டேட்டா குழுவே விற்பனையை வரையறுத்தால் பிரச்சினை வரும் நாளில் அது அவர்களுடைய எண்ணாகிவிடும்.

நடக்காததையும் பதிய வேண்டும்

வேர்ஹவுஸ் முடிவுக்கு உதவுவதில் மிகவும் கவனிக்கப்படாத பகுதி இதுதான். விற்பனை டேபிளில் விற்றது மட்டுமே இருக்கும். விற்காதது ஏன் விற்கவில்லை என்பது அங்கே இல்லை.

மறு கொள்முதலை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் 30 நாளில் 180 விற்றது. நாளுக்கு 6. சரக்கு வந்துசேர 7 நாள் ஆகும் என்பதால் அந்த இடைவெளிக்கு 42 வேண்டும் என்று கணக்கு வரும். ஆனால் தினசரி கையிருப்பு டேபிளைச் சேர்த்துப் பார்த்தால், அந்த 30 நாளில் 12 நாள் இருப்பு பூஜ்யம். 180-ம் விற்றது 18 நாளில். நாளுக்கு 10. தேவை 70. 42 என்று வாங்கினால் மறுபடி தீர்ந்துபோகும், அடுத்த மாத விற்பனை இன்னும் குறைவாகப் பதியும், அதை வைத்து இன்னும் குறைவாக வாங்குவார்கள். நன்றாக விற்கும் பொருளை டேட்டாவே மெல்லக் கொன்றுவிடும். குவெரியும் சரி, லோடும் சரி, ஒத்துப்பார்ப்பும் சரி. முடிவு மட்டும் தவறு.

இதைத் தடுக்க, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வரிசை என்று கையிருப்பை எழுதி வைக்க வேண்டும், அன்று ஒன்றுமே விற்காவிட்டாலும். டேபிள் பெரிதாகும்: 200 கிளை, 5000 பொருள் என்றால் நாளுக்கு 10 லட்சம் வரிசை. காலம்வாரி சேமிப்பில் இது சமாளிக்கக்கூடியதே. நாள் முடிவு இருப்பு மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். காலையில் தீர்ந்து மாலையில் புது சரக்கு வந்தால் நாள் முடிவில் இருப்பு இருந்ததாகத் தெரியும். எத்தனை மணி நேரம் பூஜ்யமாக இருந்தது என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் இன்னும் துல்லியம். இல்லாத பொருளுக்குப் பதில் வேறொன்றை வாங்கியவர்களும் இருப்பார்கள், ஆக அந்த வேறொன்றின் விற்பனை கொஞ்சம் ஊதியிருக்கும். 10 என்பதும் மதிப்பீடுதான், 6-ஐவிட நல்ல மதிப்பீடு.

தள்ளுபடியிலும் இதே கதை. சலுகை கொடுத்தவர்களில் 20 சதவீதம் பேர் வாங்கினார்கள் என்றால் சலுகையால் வாங்கினார்களா, எப்படியும் வாங்கியிருப்பார்களா? எப்படியும் வாங்கக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்துச் சலுகை அனுப்புவதுதானே வழக்கம். தகுதியானவர்களில் 10 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் தனியே ஒதுக்கி, அவர்களுக்கு அனுப்பாமல் விட்டு, அந்தப் பட்டியலை அனுப்பிய அன்றே வேர்ஹவுஸில் எழுதி வைக்க வேண்டும். அனுப்பியவர்களில் 20 சதவீதம், அனுப்பாதவர்களில் 17 சதவீதம் வாங்கினார்கள் என்றால் சலுகை கொண்டுவந்தது 3 புள்ளிதான். மீதி 17 புள்ளிக்கும் தள்ளுபடியை வீணாகக் கொடுத்திருக்கிறோம். சில நூறு பேர் மட்டும் என்றால் இந்த 3 புள்ளி தற்செயலாகவும் இருக்கலாம், எண்ணிக்கை போதுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலைப் பிறகு நினைவிலிருந்து திரட்ட முடியாது. "தகுதியானவர்" என்ற வரையறையே இரண்டு மாதத்தில் மாறியிருக்கும்.

முடிவுகளுக்கே ஒரு டேபிள் வைப்பதும் மலிவான வேலை. விலை மாற்றியது, பொருளை நிறுத்தியது, கிளையின் நேரத்தை நீட்டியது: தேதி, எதைப் பற்றியது, பழைய நிலை, புதிய நிலை, எந்த எண்ணைப் பார்த்து எடுத்தது, என்ன விளைவை எதிர்பார்த்தது. ஏழெட்டு நெடுவரிசை, மாதத்துக்குச் சில டஜன் வரிசை. இது இல்லாமல் ஆறு மாதம் கழித்து வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தால், அது எதனால் வந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

செலவும் பழைய ரிப்போர்ட்டுகளும்

கிளவுட் வேர்ஹவுஸில் செலவு இரண்டு விதமாக ஏறும். பிக்குவெரியின் வழக்கமான முறையில் எத்தனை பைட் படித்தோமோ அதற்குக் கட்டணம். வேண்டாத காலங்களையும் சேர்த்து நட்சத்திரக்குறி போட்டு எடுப்பதும், தேதியால் பிரித்த டேபிளில் தேதி நிபந்தனை போடாததும் அங்கே நேரடியாக பில்லில் தெரியும். கடைசியில் லிமிட் 10 (பத்து வரிசை மட்டும் காட்டு) போட்டாலும் சாதாரண டேபிளில் படிக்கும் பைட் குறையாது. ஸ்னோஃப்ளேக்கில் கம்ப்யூட் (குவெரியை ஓட்டும் கணினித் திறன்) ஓடும் நேரத்துக்குக் கட்டணம், நொடிக்கணக்கு, ஒவ்வொரு முறை எழும்போதும் குறைந்தது 60 நொடி. 5 நிமிடம் வேலையில்லாமல் இருந்தால் தூங்கட்டும் என்று வைத்துவிட்டு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் டாஷ்போர்டை யாரோ ஒரு டிவியில் ஓடவிட்டால், முன்பு எடுத்த விடையே திரும்பக் கிடைக்காத வரை அது தூங்கவே தூங்காது. ராத்திரியெல்லாம் யாரும் பார்க்காத திரைக்காக ஓடும்.

குவெரி லாகிலிருந்து மாதம் ஒருமுறை எந்த ரிப்போர்ட்டை யார் திறந்தார் என்று எடுங்கள். 90 நாளாக ஒருவரும் தொடாததை நீக்குவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, முதலில் அதன் புதுப்பிப்பை மட்டும் நிறுத்துங்கள். ஆண்டு இறுதிக் கணக்குக்கு மட்டும் திறப்பது என்று ஒன்றிரண்டு இருக்கும். அதைக் கணக்குப் பிரிவிடம் முதலிலேயே கேட்டு ஒதுக்கிவிடலாம். மற்றவற்றில் யாராவது சத்தம் போட்டால் திரும்ப ஓடவிடுங்கள், கூடவே அவரிடம் அந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவு எடுக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.